வாசலுக்கு நேரே ஒரு கம்பம்

தெற்கு மாட வீதியிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் சந்தில் வீடுகள் ஒரு பக்கம்தான். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியவை. எதிர்ப்பக்கம் முழுக்க ஒரு பள்ளிக்கூடத்தின் பின்சுவர், ஜன்னல் ஏதும் இல்லாத நீளச் சுவர். அதனால் எங்கள் வாசல்களுக்கு எதிரே எதுவும் நின்றதில்லை. இந்த வீடுகளில் நான்கு என் தாத்தா கட்டியவை. அவர் ஹைகோர்ட்டில் வக்கீலாக இருந்தார். மூன்று கைமாறிப் போயின. நடுவில் இருக்கும் பெரிய வீட்டில் நாங்கள் இருக்கிறோம். சந்தில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் கோயிலில் வைத்த பத்திரிகைக்கு அடுத்த பத்திரிகை எங்களுக்கு வரும். யார் வீட்டில் மாடி எழுப்பினாலும் என்னிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் செங்கல் இறக்குவார்கள். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. அப்படித்தான் நடந்துவந்தது.

என் பிள்ளை சாய்நாத் போன வருஷத்துக்கு முந்தைய தை மாதத்தில் இறந்துபோனான். ஆபீஸில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். முப்பத்தாறு வயது. குழந்தை கிடையாது. அவன் எனக்குச் செய்ய வேண்டியதை நான் அவனுக்குச் செய்தேன். முதல் வருஷத் திதியான வருஷாப்திகமும் முடித்தாயிற்று. இப்போது வீட்டில் நானும் என் மனைவி விசாலாக்ஷியும் மருமகள் வர்ஷினியும் இருக்கிறோம்.

காலையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறேன். மடித்து வைத்தபின் ஒரு வரியும் நினைவில் இருப்பதில்லை. விசாலாக்ஷி சில நாள் சாற்றில் உப்புப் போட மறந்துவிடுவாள். மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்போம். உப்பு வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

வருஷாப்திகம் முடிந்த மறுமாதம் வர்ஷினியின் அண்ணன் ஷ்ரவண் கோயம்புத்தூரிலிருந்து வந்தான். மரியாதை தெரிந்த பையன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சுற்றி வளைத்து, தங்கைக்கு முப்பத்திரண்டு வயதுதான் ஆகிறது என்றான். அவன் எங்கே வருகிறான் என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லை என்று சொன்னேன். என் அத்தை பதினெட்டு வயதில் கணவனை இழந்ததிலிருந்து இந்த வீட்டின் பின்கட்டில் இருந்து எண்பது வயதில் போனாள். அவளை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லும்படி அவளும் வைத்துக்கொள்ளவில்லை, நாங்களும் வைத்துக்கொள்ளவில்லை. வர்ஷினி வேலைக்குப் போவதையோ அவளுக்குப் பிடித்த புடவையைக் கட்டுவதையோ நான் தடுத்ததில்லை. அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை என்றேன். ஷ்ரவண் காபி குடித்துவிட்டுப் போனான்.

ஆவணியில் ஒருநாள் தெருவிளக்குக் கம்பங்களில் கட்டியிருந்த கேபிள்களையெல்லாம் வெட்டிக் கட்டுக்கட்டாக லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தாழத் தொங்கிய கேபிளில் மாட வீதியில் யாரோ ஸ்கூட்டரோடு சிக்கிக் கீழே விழுந்திருந்தார்கள். அதன் பிறகு வந்த உத்தரவு. டிவி போயிற்று. அதை நாங்கள் கவனிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. வர்ஷினிக்கு வேண்டிய இன்டர்நெட்டும் அதோடு போயிற்று. அவள் ஏதோ வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் இன்ஷூரன்ஸ் கணக்குகளைச் சரிபார்க்கிறாள். வீட்டிலிருந்தே வேலை. போனிலிருந்து இணைப்பை எடுத்துப் பார்த்தாள். பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் அறுந்துவிடும். அப்புறம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு லஸ் கடைத்தெருவில் ஒரு காபிக் கடைக்குப் போய் உட்கார ஆரம்பித்தாள். எங்கள் வீட்டுப் பெண் கடைத்தெருவில் மேஜை போட்டு உட்கார்ந்து வேலை செய்வதை நான் விரும்பவில்லை. விரும்பவில்லை என்று சொல்லவும் இல்லை. அவளுடைய கம்பெனியில், ஒழுங்கான லைன் போட்டுக்கொள், முடியாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து பெங்களூர் ஆபீஸுக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டார்கள். இதை அவள் விசாலாக்ஷியிடம் சொன்னாள். விசாலாக்ஷி என்னிடம் சொன்னாள்.

புரட்டாசியில் புதிதாக ஒரு பிராட்பேண்டு கம்பெனி வந்தது. தெருவிளக்குக் கம்பத்தைத் தொடாமல் தாங்களே கம்பம் நட்டு, உயரத்தில் கேபிள் இழுத்து வீட்டுக்கு வீடு கொடுப்பதாகச் சொன்னார்கள். பூமிக்கு அடியில் கொண்டுபோக வழியில்லை. சந்தில் சிமெண்டு ரோடு புதிதாகப் போட்டது, நீளத்துக்கு வெட்ட அனுமதி கிடையாது. ஓரமாகக் கம்பத்துக்குக் குழி மட்டும் தோண்டிக்கொள்ளலாம். அந்த வேலையை எடுத்திருந்த அப்துல் கய்யூம் என்பவர் வந்து சந்தை அளந்தார். ஐம்பது வயதிருக்கும், எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள். சந்தின் இரண்டு முனையிலும் கம்பம் நடுவதில் சிக்கல் இல்லை. நடுவில் ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் கேபிள் தொய்ந்து தண்ணீர் லாரியில் மாட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி மண்ணுக்குள் மின்சார லைனும் தண்ணீர்க் குழாயும் போகின்றன. கம்பியால் குத்திப் பார்த்ததில் குழி தோண்ட மூன்று இடம் தேறிற்று. மூன்றும் மூன்று வீட்டின் வாசலுக்கு நேர் எதிரே.

வாசலுக்கு நேரே மரமோ தூணோ கம்பமோ நின்றால் அது வாசல் குத்து. அந்த வீட்டுக்கு ஆகாது. வம்சம் தழைக்காது என்பார்கள், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். படித்தவர்கள் நம்புவதில்லை என்பார்கள். எங்கள் சந்தில் எல்லோரும் படித்தவர்கள்.

முதல் இடம் துரைராஜ் வீட்டுக்கு எதிரே. அவர் எங்கள் தெரு நலச் சங்கத்தின் செயலாளர். அவருடைய அப்பா என் தாத்தாவின் வீடுகளில் ஒன்றை வாங்கியவர். பிராட்பேண்டு வர வேண்டும் என்று அலைந்து திரிந்து அந்தக் கம்பெனியைப் பிடித்துவந்தவரும் துரைராஜ்தான். அவருடைய மகள் முதல் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அதனால் அந்த இடம் முடியாது. இரண்டாவது இடத்துக்கு எதிர்வீட்டில் ஜூலியட் டீச்சர் வாடகைக்கு இருக்கிறார். அவரே எங்கள் கேட்டருகே நின்று அந்தக் கதையைச் சொன்னார். அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, தாராளமாக நடுங்கள் என்று சொல்லிவிட்டார். ஒரு மணி நேரத்தில் திருவான்மியூரிலிருந்து வீட்டுக்காரர் போன் செய்தாராம். தன் பையனுக்குப் பெண் பார்க்கிறார்கள், வீடு அவன் பேரில் இருக்கிறது, கம்பம் வந்தால் வாடகை ஒப்பந்தத்தை இனி நீட்டிக்க முடியாது என்றாராம்.

“நான் கும்புடுற சாமி வேற, வாடகை குடுக்குற சாமி வேற சார்,” என்றார் டீச்சர். நான் சிரித்திருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டினேன்.

மூன்றாவது இடம் எங்கள் வீட்டுக்கு எதிரே.

ஞாயிற்றுக்கிழமை காலை துரைராஜும் கய்யூம் பாயும் வந்தார்கள். முதல் இரண்டு இடங்களைப் பற்றி என்னிடம் அவர்கள் வந்து கேட்கவில்லை. மூன்றாவதற்கு வந்திருந்தார்கள். கூடத்தில் உட்காரச் சொன்னேன். கய்யூம் பாய் நின்றுகொண்டேயிருந்தார். துரைராஜ் உட்கார்ந்து, மெட்ரோ வேலையால் லஸ்ஸில் பஸ்கள் சுற்றிக்கொண்டு போவதைப் பற்றிப் பேசினார். மழை இந்த வருஷம் சீக்கிரம் வந்துவிடும் என்றார். விசாலாக்ஷி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். பக்கத்து அறையில் வர்ஷினி கீபோர்டில் தட்டிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் என்பதால் அன்று வீட்டில் இருந்தாள்.

கடைசியில் துரைராஜ் விஷயத்துக்கு வந்தார். சந்து முழுவதும் காத்திருக்கிறது. பிள்ளைகளுக்குப் படிப்பு, பெரியவர்களுக்கு வேலை. உங்கள் மருமகளுக்கே தேவை. ஒரு கம்பம்தான். முதல் இரண்டு இடமும் சரிப்படவில்லை.

நான் கேட்டேன்: “எங்காத்து வாசல் மட்டும் எப்படிச் சரிப்பட்டுது?”

துரைராஜ் சுவரில் இருந்த சாய்நாத்தின் படத்தைப் பார்த்தார். பிறகு மோர் டம்ளரைப் பார்த்தார்.

“உங்களுக்குத் தெரியாததில்ல சார். மத்தவங்க வீட்டுல புள்ளகுட்டிங்க இருக்குது, நல்லது கெட்டது பாக்கறாங்க. உங்க வீட்டுல நடக்கக் கூடாதது நடந்து முடிஞ்சிடுச்சு. இதுக்கு மேல ஒரு கம்பம் வந்து என்ன பண்ணிடப் போவுது?”

அவர் கெட்ட மனிதர் இல்லை. சாய்நாத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ஐஸ் பெட்டிக்கு அலைந்தவர் அவர்தான். இந்த வார்த்தைகளையும் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வர வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. டம்ளரின் விளிம்பில் ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பத்திரிகை வரும் வீடு, இனிமேல் எதுவும் நடக்காது என்று கம்பம் நடும் வீடாகிவிட்டது. சந்தில் எல்லா வீட்டிலும் பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். நான் சரி என்றால் அதை ஒப்புக்கொண்டதாகும். நாளைக்கு இந்தக் கேட்டைத் தாண்டிப் போகிறவன் ஒவ்வொருவனும், அது முடிந்துபோன வீடு என்று கம்பத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வான்.

பென்ஷன் ஆபீஸ் ஜன்னலில் பெயர் சொல்லும் குரலில்தான் சொன்னேன்.

“எங்காத்துலயும் கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு ஒருத்தி இருக்கா, துரைராஜ்.”

அவருக்குப் புரியவில்லை. ஊரிலிருந்து சொந்தக்காரப் பெண் யாராவது வந்து தங்கியிருக்கிறாளோ என்று நினைத்தாரோ என்னவோ.

“யாரு சார்?”

“வர்ஷினி.”

பக்கத்து அறையில் தட்டும் சத்தம் நின்றது. கய்யூம் பாய் தரையைப் பார்த்தார். துரைராஜ் எழுந்துகொண்டு, அப்போ வேண்டாம் சார், தப்பா நினைச்சுக்காதீங்க என்று மட்டும் சொன்னார். அவர்கள் போன பிறகு கேட்டைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். அறையில் தட்டும் சத்தம் மறுபடி தொடங்க வெகுநேரம் ஆயிற்று.

பேசும்போது நான் வர்ஷினியை நினைக்கவில்லை. வீட்டை நினைத்தேன். சொன்ன பிறகு, சொன்னது சொன்னதுதான் என்று ஆகிவிட்டது. இந்த வீட்டில் ஆண்கள் வாசலில் ஒன்று சொல்லிவிட்டு உள்ளே வந்து வேறு சொன்னதில்லை.

சாப்பிடும்போது வர்ஷினி வரவில்லை, பசியில்லை என்றாள். விசாலாக்ஷி எனக்குப் பரிமாறிக்கொண்டே நின்றாள். பல மாதங்களாக அவள் என்னிடம் மருந்து, பால், கேஸ் என்பதற்கு மேல் பேசியதில்லை.

“சொன்னேள். நல்லதுதான் சொன்னேள். அவளைக் கேட்டேளா?”

பதிலுக்குக் காத்திருக்காமல் ரசத்தை விட்டாள். அன்று அதில் உப்பு இருந்தது.

திங்கட்கிழமைக்குள் சந்து முழுக்கப் பரவிவிட்டது. பால் வாங்கப் போனபோது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பெரிய மனசு சார் என்றார். ஜூலியட் டீச்சர் கேட்டருகே நின்று, தங்கள் சர்ச் பேரிஷில் இப்படி ஒரு பெண்ணுக்குப் போன வருஷம் நடந்தது, இப்போது நன்றாக இருக்கிறாள் என்றார். எல்லோரும் இப்படிப் பேசவில்லை. மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே இரண்டு பெண்கள் தண்ணீர் கேனை இறக்கிவைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. கம்பத்துக்குப் பயந்து மருமகளுக்கு மாப்பிள்ளை தேடுறாராம், அவருக்கு நெட்டும் வேணாம், நமக்கும் விட மாட்டாராம் என்று ஒருத்தி சொல்ல, மற்றவள் சிரித்தாள். யார் என்று எட்டிப்பார்க்க எனக்குத் தோன்றவில்லை. முன்பு என்றால் பார்த்திருப்பேன். ஒருவேளை, முன்பு என்றால் எங்கள் ஜன்னலுக்கு அடியில் நின்று அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

மாலையில் வர்ஷினி லஸ்ஸிலிருந்து திரும்பி வந்தாள். பையை வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, கூடத்தில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் நின்றுகொண்டுதான் பேசுவாள். விசாலாக்ஷி சமையலறைக் கதவருகே இருந்தாள்.

“அண்ணா வந்தப்போ நம்மாத்துல வழக்கமில்லைன்னேள். என்னைக் கேக்கலை. நேத்திக்கு எனக்குக் கல்யாணம்னேள். அப்பவும் கேக்கலை.”

துரைராஜ் என்ன பேசினார், அதை எந்த அர்த்தத்தில் பேசினார் என்று சொல்லத் தொடங்கினேன். அவள் தடுத்தாள்.

“நான் பக்கத்து ரூம்லதானேப்பா இருந்தேன். கேட்டுண்டுதான் இருந்தேன்.”

பிறகு அவள் பெங்களூரைப் பற்றிச் சொன்னாள். மாதக் கடைசிக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். போகச் சொன்னால் போவாள், போக அவளுக்கு இஷ்டமில்லை. இங்கே இருந்து வேலை பார்க்க ஒரு லைன் வேண்டும். லைன் வர அந்தக் கம்பம் வேண்டும். எங்கேயோ ஒரு வாசலுக்கு எதிரே அது நின்றுதான் ஆக வேண்டும். துரைராஜ் மாமா பெண்ணுக்கு ஏழாம் மாதம். அந்தப் பெண் ராத்திரியெல்லாம் பயந்துகொண்டு தூங்காமல் கிடப்பாள். தனக்கு அந்தப் பயம் இல்லை. ஆக வேண்டியது ஆயாச்சு என்றாள்.

துரைராஜ் சொன்னதும் அதேதான்.

“கம்பம் நம்மாத்து எதிர்லயே வரட்டும்ப்பா. ஆனா நீங்க சொன்னதைத் திரும்ப வாங்கிக்காதீங்கோ.”

“அப்படின்னா உனக்குச் சம்மதமா?”

“அதை எனக்குத் தோணறப்போ சொல்றேன். பண்ணிண்டாலும் பண்ணிப்பேன், இப்படியே இருந்தாலும் இருப்பேன். தெருவுல யாரும் என்னை முடிஞ்சுபோனவள்னு நெனைச்சுண்டு தாண்டிப் போக வேண்டாம்.” பையை எடுத்துக்கொண்டாள். “நீங்களும்.”

எழுந்து உள்ளே போய்விட்டாள். கடைசி வார்த்தையைக் குரல் உயர்த்திச் சொல்லவில்லை. பாத்திரக் கணக்குச் சொல்வதுபோல் சொன்னாள். நான் உட்கார்ந்திருந்தேன். அத்தையின் ஞாபகம் வந்தது. அறுபத்திரண்டு வருஷம் பின்கட்டில் இருந்தாள். அவளிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா என்று யோசித்துப் பார்த்தேன். கேட்டதாக ஞாபகமில்லை. அவளும் ஒன்றும் சொன்னதில்லை. அதை நாங்கள் அவளுடைய கௌரவம் என்று சொல்லிவந்தோம். இப்போதும் நான் அப்படித்தான் சொல்வேன். ஆனால் வர்ஷினி சொன்னது சரியா தப்பா என்று முடிவு செய்ய என்னால் முடியவில்லை. உள்ளே ஏதோ மரத்துப் போயிருந்தது. பல் பிடுங்குவதற்கு முன் போடும் ஊசிக்குப் பிறகு கன்னம் இருப்பது போல, தொட்டால் யாரோ தொடுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் மேல்துண்டைப் போட்டுக்கொண்டு துரைராஜ் வீட்டுக்குப் போனேன். சாய்நாத் போனதிலிருந்து நான் யார் வீட்டுப் படியும் ஏறவில்லை. அவர் பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு தண்ணீர் எடுத்துவந்தாள். சின்னப் பெண்ணாக எங்கள் வாசலில் பாண்டி ஆடியவள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

கம்பத்தை எங்கள் வாசலுக்கு எதிரே நட்டுக்கொள்ளலாம் என்றேன். இது என் முடிவு இல்லை, என் மருமகளின் முடிவு என்றேன். ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன விஷயம் அப்படியே நிற்கிறது, அதில் மாற்றம் இல்லை என்றும் சொன்னேன். துரைராஜ் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க முடியாமல் விழித்தார். கல்யாணம் ஆக வேண்டிய பெண் இருக்கும் வீட்டுக்கு எதிரே எப்படி சார், வேறு இடம் பார்க்கச் சொல்கிறேன் என்றார். இப்போது அவருக்கு நிஜமாகவே சங்கடம். வேண்டாம், அவளுக்குப் பயமில்லை என்றேன். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து, பொண்ணு என்ன நட்சத்திரம் சார், எங்க அண்ணன் ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கார், அவருக்கும் இது ரெண்டாவதுதான் என்று ஆரம்பித்தார். வேளை வரும்போது சொல்லியனுப்புகிறேன் என்று எழுந்துகொண்டேன். வாசல்வரை வந்த துரைராஜ் என்னிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தார். கேட்க விடாமல் படியிறங்கினேன். எங்கள் வீட்டு வழக்கப்படி ஒருவர் மன்னிப்புக் கேட்டால் அதை வாங்கிக்கொண்டு ஏதாவது சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை கய்யூம் பாயின் ஆட்கள் வந்தார்கள். நடுக் கம்பத்தை முதலில் முடித்துவிடுவோம், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்றார் பாய். வேலம்மா என்ற பெண்ணும் இன்னொருவனும் முறை வைத்துக் கடப்பாரையால் குத்தினார்கள். பள்ளிக்கூடச் சுவரடியில் கறுப்பு மண், அதற்குக் கீழே கடல் மணல். கம்பம் வெள்ளி நிறத்தில், உருண்டையாக, நான் நினைத்ததைவிட மெலிதாக இருந்தது. கயிறு கட்டி நிமிர்த்தியபோது சந்து முழுக்க அவரவர் வாசலில் வந்து நின்றார்கள். நானும் நின்றேன். ஒளிந்துகொள்ள எனக்கு என்ன இருக்கிறது. கம்பம் எங்கள் நிலைக்கதவின் நடுமத்திக்கு நேரே, எனக்கும் அந்த வெற்றுச் சுவருக்கும் இடையே எழுந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவன் என்னைப் பார்த்து, “சாமி, நேரா கீதான்னு பாருங்க,” என்றான். கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. சொன்னேன். சரி செய்தார்கள். குழியில் ஜல்லியும் சிமெண்டும் கொட்டி இறுக்கினார்கள்.

கேபிள் வீட்டுக்குள் எந்த வழியாக வர வேண்டும் என்று காட்ட வர்ஷினி வெளியே வந்திருந்தாள். மாடிக் கைப்பிடிச் சுவரைக் காட்டி, கேட்டுக்கு ஓரமாக நிற்கும் எங்கள் மாமரத்தில் உரசாமல் கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலம்மா கையைக் கழுவிக்கொண்டு இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். மஞ்சளும் குங்குமமும். எந்தத் தெருவிலும் முதல் கம்பத்துக்கு இது வைக்காமல் அவர்கள் மேலே ஏறுவதில்லையாம். ஏறுகிற ஆள் பத்திரமாக இறங்க வேண்டும் என்பதற்காக. கம்பம் எந்த வீட்டைப் பார்த்து நிற்கிறதோ அந்த வீட்டுப் பெண் வைக்க வேண்டும். கய்யூம் பாய் இதற்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார். வேலம்மா நேரே வர்ஷினியிடம் போனாள்.

“நீ வந்து வைம்மா. உங்க வூட்டாண்ட நிக்குது.”

வேலம்மாவுக்கு எதுவும் தெரியாது. வர்ஷினியின் உள்ளங்கையில் பொட்டலத்தை வைத்துவிட்டாள். விசாலாக்ஷி உள்ளே இருந்தாள். துரைராஜின் மனைவி, அந்தப் பெண்ணைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றும் நல்லெண்ணத்தோடுதான், விறுவிறுவென்று தன் வாசலிலிருந்து வந்து கையை நீட்டினாள்.

“குடும்மா. நான் வெக்கறேன்.”

வர்ஷினி கொடுக்கவும் இல்லை, நகரவும் இல்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். கெஞ்சும் பார்வை இல்லை. நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தாள், அவ்வளவுதான். எல்லா வாசலிலிருந்தும் என்னைத்தான் பார்த்தார்கள். கடைசி வீட்டில் ஒரு கிழவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். எங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்ததில்லை. என் அப்பாவோ தாத்தாவோ இந்தப் படியில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லும் சொற்கள் என்னிடமும் இருந்தன. நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயைத் திறக்காமல் இருப்பது. துரைராஜின் மனைவி பொட்டலத்தை வாங்கிக்கொள்வாள், காரியம் முடிந்துவிடும், யாரும் என்னை எதுவும் சொல்ல மாட்டார்கள்.

“அவ வைப்பா,” என்றேன்.

துரைராஜின் மனைவி கையை மடக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். வர்ஷினி கம்பத்தருகே போனாள். மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து மூன்று இடத்தில் தடவினாள். அதன்மேல் குங்குமம் வைத்தாள். முதல் பொட்டு கொஞ்சம் வழிந்தது. அதைத் திருத்திவிட்டு மற்ற இரண்டையும் வைத்தாள். வேலம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கயிறுகளை இழுத்துக் கட்டிவிட்டு ஏணியை வைத்தார்கள், ஒருவன் மேலே ஏறினான். வாசல்களில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். துரைராஜ் மட்டும் என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

எனக்குப் பெருமையாகவும் இல்லை, அவமானமாகவும் இல்லை. நின்று நின்று முழங்கால் வலித்தது.

வர்ஷினி திரும்பி வந்து படியருகே நின்றாள். விரல்களில் மஞ்சளும் சிவப்பும் அப்பியிருந்தன. துடைக்க இடம் தேடினாள். நான் என் மேல்துண்டின் நுனியை நீட்டினேன். அது சலவை வேட்டிக்கு ஜோடியான துண்டு, கறை போகாது. அவள் ஒரு விநாடி தயங்கினாள். பிறகு ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு, பத்து மணிக்கு மீட்டிங் இருக்குப்பா, கேபிளை மாடிக்குக் கொண்டுவரப்போ கூப்பிடுங்கோ என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.